மால்டா போகிறவர் முதலில் வாங்க வேண்டிய சீட்டு

மால்டாவுக்குப் பயணத் திட்டம் போடுகிறவர்கள் விமானத்தில்தான் தொடங்குவார்கள். நான் சொல்வது வேறு. முதலில் ஹால் சஃப்லியேனி நிலவறையில் எந்தத் தேதிக்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள். 1902இல் தண்ணீர்த் தொட்டிக்குப் பாறையை வெட்டியவர்கள் தற்செயலாக உடைத்துத் திறந்த இடம் அது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாறைக்குள்ளேயே மூன்று அடுக்காகக் குடைந்த ஈமக்கூடம்; ஏறத்தாழ ஏழாயிரம் பேரின் எலும்புகள் அங்கே இருந்ததாகக் கணிக்கிறார்கள். மனிதர்களின் மூச்சுக்காற்றே சுவரில் உள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால், ஒரு முறைக்குப் பத்துப் பேருக்கு மட்டுமே அனுமதி. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை விடுவதில்லை. படமும் எடுக்க முடியாது. கோடைக்கால இடங்கள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வாலெட்டாவில் செயின்ட் எல்மோ கோட்டைக்குக் காலையில் போய்க் கேட்டுப் பாருங்கள். மறுநாளைக்கான சில சீட்டுகள் அங்கே, கூடுதல் விலைக்கு, விற்கப்படுவதுண்டு. ஆனால் அதை நம்பிப் பயணம் போடக்கூடாது.

தேதி தெரிந்ததும் விசா. மால்டா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எனவே இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்துவிட்டால் வாங்கமாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அவசியம். ஊர் திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் ஹோட்டல் அறைகளை மட்டும் பதிவு செய்வது நல்லது. நிலவறைச் சீட்டு ஒன்றுக்கு மட்டும் துணிந்து பணம் கட்டலாம் என்பேன். போனால் அந்தத் தொகையோடு போகும்.

விமானத்தில் கவனிக்க ஒன்று உண்டு. ரோம் அல்லது ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடந்துவிடும், மால்டாவில் அல்ல. அந்த வரிசைக்கும் சேர்த்து இடைவெளி விட்டு அடுத்த விமானத்தைப் பிடியுங்கள்.

பெட்டியில் மூன்று சதுர முனை உள்ள பிளக் ஒன்று இருக்கட்டும். 1964 வரை ஆண்ட பிரிட்டிஷார் விட்டுப்போனவற்றில் அதுவும் ஒன்று. சிங்கப்பூர், மலேசியாவில் வாங்கிய சார்ஜர் அப்படியே பொருந்தும். இந்தியப் பிளக் பொருந்தாது. வண்டிகள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடும். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஒன்றும் வேண்டும். காரவாஜோ 1608இல் வரைந்த பெரிய ஓவியம் இருக்கும் செயின்ட் ஜான் பேராலயத்தில் அது கட்டாயம். அங்கே ஊசிக் குதிகால் செருப்புக்கும் தடை, ஏனென்றால் தரை முழுவதும் செயின்ட் ஜான் சபை வீரர்களின் பளிங்குக் கல்லறைகள். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. அன்று மீன் சந்தை கூடும் மார்சஷ்லொக்குக்குப் போய்விடலாம்.

நாடு மொத்தமும் முந்நூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான் என்று எண்ணி ஒரே நாளில் நாலு ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது. சாலை குறுகல், கார்கள் ஏராளம். 2022 அக்டோபர் முதல் உள்ளூர்வாசிகளுக்குப் பஸ் இலவசம் என்பதால் கூட்டமும் அதிகம். நிறுத்தத்தில் கை காட்டினால்தான் பஸ் நிற்கும். நிரம்பியிருந்தால் கை காட்டினாலும் போய்விடும். வாலெட்டா வாசலிலுள்ள முனையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எனவே தங்குவதற்கும் அந்தப் பக்கமே வசதி.

சாப்பாட்டுக்குத் தெருமுனைக் கடைகளில் பஸ்தித்சி கிடைக்கும். அடுக்கடுக்காகப் பொரிந்து வரும் மாவுக்குள் ரிகோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ இருக்கும். பட்டாணிப் பூரணத்தில் கறிப்பொடி வாசம்கூட அடிக்கும். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு. சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோசோ தீவுக்கு ஒரு முழு நாள் தனியாக. வாலெட்டாவில் 41 அல்லது 42ஆம் எண் பஸ் பிடித்து வடமுனையிலுள்ள சிர்கெவ்வா துறைக்குப் போகவேண்டும். நெரிசலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். கார் ஏற்றும் படகு இருபத்தைந்து நிமிடத்தில் இம்ஜார் துறையில் இறக்கிவிடும். போகும்போது யாரும் சீட்டுக் கேட்கமாட்டார்கள், திகைக்க வேண்டாம், கட்டணம் திரும்பும்போதுதான். வாலெட்டாவுக்கு நேரே திரும்பும் விரைவுப் படகு முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். போக கார்ப் படகு, வர விரைவுப் படகு என்று வைத்துக்கொண்டால் முன்னதற்குக் காசே இல்லை!

கோசோவில் பழைய புகைப்படங்களில் பார்த்த கடல் வளைவு, அஸூர் விண்டோ, இப்போது இல்லை. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. பிரமிடுகளுக்கும் மூத்த ஜிகந்தியா கோயில்கள் அப்படியே நிற்கின்றன, அவற்றுக்கு நேரம் கொடுங்கள். வழியிலுள்ள கொமினோ தீவின் நீலக் குளத்துக்கு 2025 முதல் முன்பதிவு வேண்டும். ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே துண்டு விரிக்க இடமிருக்காது. அந்த மாதங்களில் விட்டுவிடலாம். மே மாதமோ அக்டோபரோ என்றால் போகலாம்.

பலத்த காற்றடித்தால் முதலில் ரத்தாவது விரைவுப் படகுதான். ஆகவே கோசோவை ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் வைக்காமல், பயணத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.