நொண்டுதா, சுத்துதா, வெட்டுதா?

படத்தில் கேமரா கோபுரத்தின் அடியில் தொடங்கி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. சுதைச் சிற்பங்கள் வழுக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அவையோ படிக்கட்டில் தத்தித் தத்தி இறங்கின.

"என்னடா, படம் நொண்டுது?" என்றார் அப்பா.

டிவிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் இருந்த பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கி டிவியோடு இணைத்து, "இனி தியேட்டருக்கே போக வேண்டாம்" என்று வீட்டில் அளந்து விட்டவன் நான்தான். அதன்பின் ஒரு வாரம் வீணாகப் போனது. முதலில் இன்டர்நெட்டைத் திட்டினேன். படம் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்து ரேம் வாங்கிப் போட்டேன். நொண்டல் அப்படியே இருந்தது.

அப்பா சொன்ன சொல்லையே நான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். வீடியோ மக்கர் செய்தால் நம் வீடுகளில் மூன்று விதமாகச் சொல்வார்கள்: சுத்துது, வெட்டுது, நொண்டுது. மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

'சுத்துது' எளிய கேஸ். நடுத்திரையில் வட்டம் சுற்றும், படத்தோடு சத்தமும் நிற்கும். தரவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வைஃபையைச் சந்தேகிக்கலாம், கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பிகளும் ஒழுங்காக இருந்தால்தான் ஜிகாபிட் வேகம் கிடைக்கும். சில கம்பிகள் கழன்றால் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணையத்தில் பார்க்கும் படத்துக்கு அதுவே தாராளம். 4கே ப்ளூரே தரத்தில் சேமித்த படமோ சில காட்சிகளில் 100-ஐத் தாண்டிவிடும்.

'வெட்டுது' என்றால் சத்தம் பாட்டுக்கு ஓடும், படம் மட்டும் நின்று நின்று தாவும். இங்கே தடுமாறுவது கம்ப்யூட்டரின் கணக்கு. ஃபுல் எச்.டி. படத்தின் ஒரு ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 24 ஃபிரேம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைட். இரண்டரை மணி நேரப் படம் 1,300 ஜிபியைத் தாண்டும். அதை நாம் நாலைந்து ஜிபியில் வைத்திருக்கிறோம்! ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் நகர்ந்ததையும் மாறியதையும் மட்டும் குறித்து வைக்கும் சிக்கனம் அது. பார்க்கும்போது அந்தக் குறிப்புகளிலிருந்து ஒவ்வொரு ஃபிரேமையும் 42 மில்லி நொடிக்குள் கட்டி எழுப்ப வேண்டும்.

இந்தச் சுருக்கும் முறைகள் வரவர இறுகிக்கொண்டே போகின்றன. எச்.264 வந்தது 2003-இல், எச்.265 2013-இல், ஏவி1 2018-இல். கோப்பு சிறுக்கச் சிறுக்க, பிரிக்கும் வேலை கூடும். அதற்கென்று சில்லுக்குள் தனிப் பகுதி உண்டு. ஆனால் தான் பிறந்த பிறகு வந்த முறை அந்தப் பகுதிக்குத் தெரியாது. உடனே எல்லாச் சுமையும் பொதுவான பிராசஸர் (சிபியு) தலையில் விழும், ஃபேன் அலறும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து 'வீடியோ டீகோட்' என்ற கோட்டைப் பாருங்கள். படம் ஓடும்போதும் அது தரையில் படுத்திருந்து, சிபியு மட்டும் நூறைத் தொட்டால் நோய் இதுதான். ரேம் போட்டெல்லாம் இது தீராது. அதே படத்தை எச்.264-இல் தேடிக்கொள்வது மலிவான வைத்தியம்.

முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் வெட்ட ஆரம்பித்தால் சூடுதான் காரணமாக இருக்கும். சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஷோகேஸ் கதவைத் திறந்து வையுங்கள். நான் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியபோது தலையணையில் அடைக்கிற அளவுக்குப் பஞ்சு வந்தது.

ஆனால் அப்பா சொன்னது 'நொண்டுது'. விஎல்சி பிளேயரில் கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் பெட்டியில், புள்ளிவிவரப் பக்கத்தில், எத்தனை ஃபிரேம் தவறியது என்ற கணக்கு தெரியும். பார்த்தேன், பூஜ்யம். கம்ப்யூட்டர் ஒரு ஃபிரேமைக்கூட விடவில்லை. ஆனாலும் கோபுரம் குதிக்கிறது.

விஷயம் தாளத்தில் இருந்தது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். நம் டிவி திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அறுபதை இருபத்து நான்கால் வகுத்தால் இரண்டரை வரும். ஒரு ஃபிரேமை இரண்டரை முறை காட்ட முடியாது. அதனால் ஒன்றை 2 முறை, அடுத்ததை 3 முறை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய கணக்கு, கண்ட சாபு: தக தகிட, தக தகிட. ஒரு ஃபிரேம் 33 மில்லி நொடி நிற்கிறது, அடுத்தது 50. ஆள் நின்று பேசும் காட்சியில் இது தெரியாது. கேமரா சீராக நகரும்போதும், கடைசியில் பெயர்ப் பட்டியல் மேலே ஏறும்போதும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஃபிலிம் புரொஜெக்டரும் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு, மூன்று முறை ஒளிரச் செய்ததுதான். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை என்பதால் நொண்டவில்லை.

சரி, திரையையும் நொடிக்கு 24 முறைக்கு, அதாவது 24 ஹெர்ட்ஸுக்கு, மாற்றினால்? நொண்டல் போய்விட்டது. ஆனால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒரு முறை மெல்லிய ஒரு திக்கல். இதன் பின்னால் 70 ஆண்டுக் கதை இருக்கிறது. 1953-இல் அமெரிக்கா கலர் டிவிக்கு மாறியபோது, நிறத்துக்கான அலை ஒலி அலையோடு மோதாமல் இருக்க, நொடிக்கு 30 என்றிருந்த ஃபிரேம் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். அந்த டிவிக்குப் போன சினிமாவும் 24-லிருந்து 23.976 ஆனது. அந்த டிவி முறை ஓய்ந்துவிட்டது, எண் மட்டும் வட்டுகளிலும் இணையத்திலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இத்தகைய படத்தைச் சரியாக 24-இல் ஓட்டினால் ஆயிரம் ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்ட நேரும். அதுதான் அந்தத் திக்கல். விண்டோஸின் சில பதிப்புகள் 23, 24 என்று இரண்டையும் பட்டியலில் காட்டும். அந்த 23-க்குப் பொருள் 23.976. இது தெரியாமல் 24-ஐப் போட்டவன் நான்.

நம் ஊர் டிவியிலிருந்து பதிவானவை பெரும்பாலும் 25 அல்லது 50. அவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ்தான் பொருத்தம். ஒவ்வொரு படத்துக்கும் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? கோடி என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது (பணக் கோடி இல்லை). அதன் பிளேயர் அமைப்பில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை இயக்கிவிட்டால், படத்தின் வேகத்தைப் பார்த்துத் திரையை அதுவே மாற்றிக்கொள்ளும்.

கோபுரக் காட்சியை மறுபடி போட்டேன். சிற்பங்கள் எண்ணெய் தடவியதுபோல் இறங்கின. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நொண்டாத படத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஒரே ஒரு தொல்லை. வேகம் மாறும் அந்தக் கணத்தில் டிவி ஓரிரு நொடி முழுதாக இருண்டு, பிறகுதான் படம் வரும். ஒவ்வொரு முறையும் சமையலறையிலிருந்து அம்மா கேட்கிறாள்: "கரண்ட் போயிடுச்சா?"