தகட்டில் பிறந்த நவீனம்

தமிழ்நாட்டில் உலோகச் சிற்பம் என்றாலே சோழர் காலச் செப்புத் திருமேனிகள்தான் நினைவுக்கு வரும். மெழுகில் உருச் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவது அந்த மரபு. சுவாமிமலையில் இன்றும் நடக்கிறது. 1960களில் சென்னையில் எழுந்த நவீனச் சிற்பிகளில் முக்கியமான சிலர் இந்த வழியில் போகவில்லை. தகட்டை வெட்டினார்கள், தட்டினார்கள், பற்றவைத்தார்கள். ஓசூர் சிப்காட் பக்கம் வண்டிக்குப் பாகம் செய்து தரும் பட்டறைகளில் நாள்தோறும் நடக்கிற வேலைதான் அது.

இந்த இயக்கத்தின் தாய்வீடு சென்னை ஓவியக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. அதன் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி மெரினா கடற்கரையில் நிற்கும் ‘உழைப்பாளர் சிலை’யை வடித்தவர். பாறையை நெம்பும் நால்வரின் நரம்பும் தசையும் அதில் புடைத்துத் தெரியும்; ஆனால் வார்ப்பு முறையும் உடலமைப்பும் ஐரோப்பியப் பாணி. அவருக்குப் பிறகு 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், இந்த மண்ணுக்குரிய நவீனம் எது என்ற கேள்வியை மாணவர்களிடம் விதைத்தார். உழைப்பாளியைச் சிலையாக வடித்த தலைமுறை போய், உழைப்பாளியின் கருவியையே கையில் எடுத்த தலைமுறை வந்தது.

அவர்களில் பி.வி. ஜானகிராம் (1930–1995) தனித்து நிற்பவர். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் போலச் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி மேடு பள்ளமாக்குவார். அதன்மேல் கம்பியும் ஒடுக்கமான பட்டையும் ஒட்டினால் அவையே கண், புருவம், நகை, ஆடைக்கரை. கிறிஸ்துவும் கணபதியும் இப்படித்தான் உருவானார்கள். பின்புறம் போய்ப் பார்த்தால் சிற்பம் ஏறக்குறைய வெற்றிடம். அது குறை அல்ல. முன்னிருந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, வெள்ளி முலாமும் வண்ண எனாமலும் சேர்த்தார். அவரும் முன்பக்கப் பார்வையையே தன் சிற்பங்களின் இலக்கணமாக வைத்துக்கொண்டார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு இந்த முன்பக்கப் பார்வை புதிதல்ல. இப்பகுதியெங்கும் கிடைக்கிற நடுகற்களும் அப்படித்தான். ஆநிரை மீட்டு விழுந்த வீரனைப் பலகைக்கல்லின் ஒரு முகத்தில் மட்டும் செதுக்கி நட்டிருப்பார்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இவற்றைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

சென்னைச் சிற்பிகள் கையாண்ட பற்றவைப்பு முதலில் கலைக்குள் நுழைந்தது ஐரோப்பாவில். 1928 வாக்கில் ஹூலியோ கொன்சாலெஸ் என்ற ஸ்பானிய உலோகக் கைவினைஞர் பிகாசோவுக்கு இரும்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்தோ இளமையில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சிற்பக்கூடத்துக்குள் அந்தக் கைப்பழக்கத்தோடுதான் வந்தார்.

கலைஞன் எதைத் தின்று வாழ்வது என்பதும் இங்கே கேட்கவேண்டிய கேள்வி. 1966இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள மாடர்னா மியூசியத்தில் ‘ஹோன்’ என்ற பெண்ணுருவம் படுத்துக் கிடந்தது. நீளம் ஏறக்குறைய 25 மீட்டர். பார்வையாளர்கள் உடலுக்குள்ளேயே நடந்து போகலாம். நிக்கி த சான் ஃபால், ஜான் டிங்கெலி, பெர் ஓலோஃப் உல்ட்வெட் ஆகிய மூவரும் இரும்புச் சட்டம், கம்பி வலை, துணி கொண்டு கட்டியது. காட்சி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். அரசு அருங்காட்சியகம் பின்னால் நின்றதால் அந்தத் தாராளம் சாத்தியமாயிற்று. அதே ஆண்டில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் பணிக்கர் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. அதற்குப் பின்னால் அப்படி யாரும் நிற்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் ஓவியர்களே நிலம் வாங்கி வீடு கட்டினார்கள். கைவினையைத் தாழ்வாக நினைக்காத இந்த மனப்பான்மையே ஜானகிராமின் தகட்டுக்கும் இடம் கொடுத்தது என்று சொல்லலாம்.

சோழமண்டலத்தில் இந்த இயக்கத்தின் படைப்புகளுக்கென்றே காட்சிக்கூடமும், வெளியே சிற்ப வெளியும் உண்டு. ஓசூரிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்புவது சிரமம். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்குகிறது. ஷிப்டு இல்லாத ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்.