கோலம் மாற்றும் பிளாட்டினம்!

குட்டீஸ், திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போது காவிரிப் பாலத்தில் நெரிசலில் மாட்டியிருக்கிறீர்களா? முன்னால் நிற்கும் புது பைக்கின் புகைக்குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒரு சட்டம் இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகத் துகள்களைப் பூசியிருப்பார்கள். ஒவ்வொன்றும் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர்!

பெட்ரோல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். மணமே இல்லாத நச்சுவாயு அது. அதை ஆக்சிஜனோடு சேர்த்து, கார்பன் டை ஆக்சைடாக மாற்றி அனுப்புவது இந்தத் துகள்கள்தான். இவை வினையூக்கிகள். "வினையூக்கி மாறாது" என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உண்மைதான், அது தீர்ந்து போவதில்லை. ஆனால், வேலை நடக்கும்போது சும்மாவும் இருப்பதில்லை!

மார்கழியில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் போடும் கோலங்களில் நேர்ப்புள்ளி உண்டு, இடைப்புள்ளி உண்டு, இல்லையா? பிளாட்டினத்தின் ஒருவகை மேற்பரப்பில் அணுக்கள் இடைப்புள்ளி போல நெருக்கமாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு வந்து ஒட்டியதும், நேர்ப்புள்ளிக்கு மாறிவிடும். இந்த வரிசையில் ஆக்சிஜன் சுலபமாக ஒட்டும். இரண்டும் சேர்ந்து பறந்ததும், மறுபடி இடைப்புள்ளி! இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் எர்ட்ல். 2007இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அறிவிப்பு வந்த அக்டோபர் 10, அவருடைய 71ஆவது பிறந்தநாள். இப்படியொரு பிறந்தநாள் பரிசு யாருக்குக் கிடைக்கும்?

நானோ துகள்களோ வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். ஹைட்ரஜனில் பட்டை தீட்டியதுபோல இருக்கும் செம்புத் துகள், நீராவி கலந்ததும் உருண்டையாவதை 2002இல் டென்மார்க் விஞ்ஞானிகள் மைக்ரோஸ்கோப்பில் படம்பிடித்தார்கள்.

வேலை செய்யும் துகளைப் பார்க்க இன்னொரு வழி, லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியின் நிறமாற்றத்தை அளப்பது. உலோகத்தின்மேல் ஆக்சைடு படிவதைக்கூட அதில் கண்டுபிடிக்கலாம். அதுதான் 1928இல் கண்டறியப்பட்ட ராமன் விளைவு! சர் சி.வி.ராமன் 1888இல் பிறந்த ஊர் எது தெரியுமா? ஸ்ரீரங்கத்தை ஒட்டியுள்ள திருவானைக்காவல்!

எல்லா மாற்றமும் நல்லதல்ல. புகையின் கடும் சூட்டில் துகள்கள் நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அம்மா சப்பாத்தி மாவு பிசையும்போது சம அளவில் எட்டு உருண்டை வாங்கி, ஒரே உருண்டையாக்கிப் பாருங்கள். மாவு அதேதான். ஆனால், வெளிப்பரப்பு பாதியாகிவிடும்! துகளிலும் அப்படித்தான். உள்ளே சிக்கிய அணுக்களால் பயனில்லை. பழைய வண்டிகள் அதிக நச்சுவாயுவைக் கக்க இதுவும் ஒரு காரணம். அதனால்தான், துகள்களை நகரவிடாமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஆக்சைடு பூச்சுகளை விஞ்ஞானிகள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.