8,760 மணி நேரத்தில் 104

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். கஸ்டடி வழக்கில் ஞாயிறுதோறும் 2 மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவானால், பிரிந்திருக்கும் பெற்றோரோடு குழந்தைக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 104 மணி நேரம். நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. காய்ச்சல், பரீட்சை, சொந்தக்காரர் கல்யாணம் என்று மாதம் ஒரு ஞாயிறு தவறினால் 80தான் மிஞ்சும். தவறிய நாளுக்கு மாற்று நாள் உத்தரவில் எழுதப்படாவிட்டால் அந்த 24 மணி நேரம் போனது போனதுதான்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு முழுதாக என்றால் 52 நாள், 1,248 மணி நேரம். அதே குழந்தை, அதே பெற்றோர். ஆனால் 12 மடங்கு.

நேரில் சந்திப்பது மட்டுமல்ல; யஷிதா சாஹு என்பவரின் கஸ்டடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது: கஸ்டடி கிடைக்காதவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேசும் உரிமை பெற வேண்டும். பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,650 நிமிடம், கிட்டத்தட்ட 61 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகளின் மொத்தத்தில் பாதிக்கு மேல். போனில் பேச என்ன செலவு? கேட்டு வாங்காதவர்களுக்குத்தான் நஷ்டம்.

அடுத்து வயதுக் கணக்கு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) சட்டப்படி, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். 3 வயதில் தொடங்கிய வழக்கு வாய்தாமேல் வாய்தாவாக 3 ஆண்டு இழுத்தால், தீர்ப்பு வருமுன் பிள்ளை அந்த வரம்பைத் தாண்டி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். இருக்கிற வீடு பழகியிருக்கும். “அங்கேயே நன்றாகத்தானே இருக்கிறது” என்பதே வாதமாகிவிடும். அதனால் வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் என்று சொல்லும் இடைக்கால உத்தரவைத்தான் நான் உண்மையான தீர்ப்பு என்பேன். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். எந்த வயதில் என்று எண் போடவில்லை. போடாததே நல்லது.

பணக் கணக்குக்கு வருவோம். பிள்ளையின் பராமரிப்பு, படிப்புச் செலவுக்கான இடைக்கால மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்கச் சொல்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. ஜீவனாம்சத்தை மனுப்போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் (ரஜ்னேஷ் எதிர் நேஹா). மாதம் 10,000 ரூபாய் என்று முடிவாக 15 மாதம் ஆனால் நிலுவை 1,50,000. சட்டப்படி வந்து சேர வேண்டிய பணம்தான். ஆனால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் தீர்ப்புக்காகக் காத்திருக்காது. பிள்ளையை வைத்திருப்பவர்தான் கடன் வாங்குவார்.

குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் முதல் மனுவிலேயே மூன்றை எழுதிக் கேளுங்கள்: தினசரி போன் பேசும் நேரம், தவறிய சந்திப்புக்கு மாற்று நாள், கட்டணம் கட்ட வேண்டிய தேதி.