வயிறாற உண்டும் உடல் பருக்காதிருக்க: தீவகத்துக் குரக்கனும் ஒடியலும்

உடல் நிறையைக் குறைப்பதென்றால் பட்டினி கிடப்பதே வழியெனப் பலர் எண்ணுகின்றனர். மதியம் அரைவயிறு உண்டவர் மாலையில் பாணையும் சீனி கலந்த தேநீரையும் நாடுகின்றார். மதியம் குறைத்தது மாலையில் இருமடங்காகச் சேர்ந்துவிடுகிறது. வயிறு நிறைய வேண்டும், ஆனால் கலோரி மிகக்கூடாது. இதற்கு ஏற்ற பொருள்கள் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பகுதிகளின் பழைய அடுக்களையிலேயே உள.

அவற்றுள் முதலாவது குரக்கன். ஐதராபாத்துத் தேசிய போசாக்கு நிறுவனம் 2017 இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 11 கிராம் நார்ப்பொருள் உண்டு. தீட்டிய பச்சையரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச் சத்தோ அரிசியிலுள்ளதைப் போல் நாற்பது மடங்குக்கு மேல். எனினும் கலோரியில் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆகவே குரக்கனென்று அளவின்றி உண்பவர் மெலியார். மாவின் அளவைக் குறைத்து, அதனோடு சம அளவு முருங்கையிலை சேர்த்து நீற்றுப்பெட்டியில் அவித்த பிட்டு, குறைந்த மாவிலேயே தட்டை நிறைக்கும். தேங்காய்ப்பூ ஒரு சிறு கைப்பிடி போதும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும், மாப்பொருளோ 4 கலோரியே தரும்.

அடுத்தது ஒடியற் கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் காறலை நீக்கிய பின்னரே கூழுக்குச் சேர்த்தல் வேண்டும். இவ்விடயத்தில் அவசரம் ஆகாது. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், கீரை, பழப்புளி, செத்தல் மிளகாய் ஆகியவற்றோடு கொதிக்கும் கூழிற் பெரும்பகுதி நீரே. மீனின் புரதமும் காய்கறியின் நாரும் பசியை நெடுநேரம் தணிக்கும். மரவள்ளியையும் பலாக்கொட்டையையும் அள்ளிப் போடுவோர் கூழைச் சோற்றுக்கு நிகராக்கிவிடுகின்றனர். நிறை குறைக்க விரும்புவோர் அவற்றைக் குறைத்து மீனைக் கூட்டுக. கூழ் குடித்த வேளையில் சோறு வேண்டியதில்லை.

பனங்கட்டியைப் பற்றியும் ஒரு சொல். பனையிலிருந்து வந்ததாதலால் அது தீங்கற்றதென்னும் எண்ணம் தவறானது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் விதந்துரைத்தபடி, சேர்க்கும் இனிப்பு நாளொன்றின் கலோரியிற் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். பனங்கட்டியும் இக்கணக்கிற் சேரும்.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உணவளவை மாற்றுமுன் வைத்தியரைக் கலந்துகொள்க. சோற்றைத் திடீரெனக் குறைத்து மருந்தைப் பழைய அளவில் உட்கொண்டால், இரத்தத்திற் சீனி அளவுக்கு மீறித் தாழக்கூடும்.

ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழங்களின் கொட்டைகளைப் பாத்தியிலிட்டால், மாரி மழையிலேயே முளைத்துத் தை, மாசியிற் கிழங்கு கிண்டலாம். கிழித்து வெயிலில் நன்கு உலர்த்திய ஒடியலை ஈரம் படாது வைத்து, வேண்டும்போது இடித்துக்கொள்ளலாம்.