சந்தானமும் சாஸ்திரமும் – 9: எண்ணப்பட்டவர்கள் யார்?

கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் ஸ்காக்கெபெக்கும் அவருடைய துணைவர்களும் 61 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 1940-ல் ஒரு மில்லிலிட்டருக்குச் சராசரி 11 கோடியே 30 லட்சமாக இருந்த விந்தணுக்கள் 1990-ல் 6 கோடியே 60 லட்சமாகக் குறைந்துவிட்டன என்று 1992-ல் வெளியிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு எழுந்த ஆக்ஷேபங்களில் பலமானது ஒன்று: எண்ணப்பட்ட ஆடவர்கள் யார்?

நியாயமான கேள்விதான். குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களில் குவிந்துகிடக்கும் பரிசோதனைக் குறிப்புகளைக் கொண்டு ஒரு தேசத்து ஆடவரின் நிலையை நிர்ணயிக்கப் புகுவது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊரின் ஆரோக்கியத்தை அளப்பதற்கு ஒப்பாகும். ஏனெனில் அங்கே வருகிறவர்களில் பலர் தம்மிடம் குறையிருக்குமோ என்ற சந்தேகத்தாலேயே வருகிறவர்கள்.

எண்ணும் காரியமும் எளிதன்று. விந்து தானே இளகி நீர்த்துப்போக அரைமணி நேரம் காத்திருந்து, அளவறிந்து கலந்து, நுண்ணிய கட்டங்கள் கீறிய கண்ணாடித் தகட்டில் 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி, உருப்பெருக்கியின் கீழ் தலை தலையாக எண்ணி, அதே விந்தை மறுமுறையும் எண்ணி, இரண்டும் ஒத்துவராவிட்டால் மீண்டும் தொடங்க வேண்டும். கடைசியாக விந்து வெளிப்பட்டு எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்தும் எண்ணிக்கை ஏறி இறங்கும்.

இவ்வளவு சிக்கல்களுக்கிடையே பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்காக வந்த தம்பதிகளில், மனைவியின் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டோ இல்லாமலோ போனவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், குறை மனைவியிடம் என்பது முன்பே தெரிந்திருப்பதால், கணவர்கள் தேசத்துப் பொதுஜனங்களை ஓரளவு ஒத்திருப்பார்கள் அல்லவா? கணவனிடமிருந்து தொற்றிய நோயும் சில சமயம் குழாயை அடைத்துவிடும் என்பதால் இது முற்றும் பழுதற்ற வழியன்று. ஆயினும் இதைவிட நேர்மையான தேர்வை நான் அறியேன். 1989 முதல் 2005 வரை இவ்விதம் தேர்ந்த 26,609 பேரின் கணக்கு 2012-ல் வெளிவந்தது. முப்பத்தைந்து வயது ஆடவனுக்கு 7 கோடியே 36 லட்சமாக இருந்த சராசரி, 4 கோடியே 99 லட்சமாகச் சரிந்திருந்தது. அசையும் அணுக்களின் வீதம் மட்டும் குறையாமல் சற்றே கூடியிருந்தது.

ஐந்து கோடி என்பது மலட்டுத்தன்மை அன்று, பயந்துவிட வேண்டாம். ஆனால் டென்மார்க்கில் 430 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், எண்ணிக்கை 4 கோடிக்குக் கீழே இறங்க இறங்கக் கருத்தரிக்கும் வாய்ப்பும் குன்றுவது தெரிந்தது. சராசரியே அந்த எல்லையை நெருங்கும்போது, அதற்கு அப்பால் தள்ளப்படும் ஆடவர் எத்தனை பேர் என்பதே என்னை வருத்தும் கேள்வி.

துலூஸ் நகரத்தின் கதை விசேஷமானது. 1995-ல் பாரீஸ் மருத்துவர்கள், ஏற்கெனவே தந்தையரான விந்துதானிகளிடம் இருபதாண்டுகளில் சரிவைக் கண்டார்கள். மறுவருஷமே துலூஸ் மருத்துவர்கள், 1977 முதல் 1992 வரை தங்கள் விந்துதானிகளிடம் அத்தகைய சரிவு எதுவுமில்லை என்று அறிவிக்க, தென்மேற்குப் பிரான்ஸ் தப்பியது என்று பலரும் ஆறுதல் கொண்டார்கள். பின்னர் அந்த 26,609 பேரையும் மாகாண வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மிகுதியாகச் சரிந்திருந்த இரண்டு மாகாணங்கள் அக்கித்தேனும் மிதி-பிரெனேயும். துலூஸ், 2015 வரை இருந்த மிதி-பிரெனேயின் தலைநகரம்.

(தொடரும்)