பூனையின் வாய் ஏன் நாறுகிறது?

மனிதர்களுக்கு வாய் நாறினால், அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய தைரியசாலிகள் உலகில் வெகு சிலரே. பூனையின் விஷயத்தில் இந்தச் சங்கடம் இல்லை. தாராளமாகச் சொல்லலாம், அது கோபித்துக்கொள்ளாது. ஆயினும் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. "மீன் தின்கிற ஜந்துவின் வாய் பின் மல்லிகைப்பூவாகவா மணக்கும்?" என்று சமாதானம் செய்துகொண்டு, மடியிலிருந்து மெதுவாக இறக்கிவிட்டு விடுகிறோம்.

இந்தச் சமாதானம் சரியன்று. மீன் தின்ற வாயில் மீன் வாசனை சற்று நேரம் இருக்கும், பிறகு போய்விடும். காலையிலும் மாலையிலும், தீனிக்கு முன்பும் பின்பும், பூனை கொட்டாவி விட்டாலே நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி நாற்றம் வீசுமானால் அது தீனியின் நாற்றமன்று, நோயின் நாற்றம்.

பூனையின் பற்களைப் பற்றி முதலில் சிறிது அறிந்துகொள்வோம். குட்டிக்கு 26 பாற்பற்கள் முளைக்கின்றன. ஏறக்குறைய ஆறு மாத வயதுக்குள் அவை விழுந்து, 30 நிலைப்பற்கள் வந்துவிடுகின்றன: மேலே 16, கீழே 14. இவற்றுள் நம்முடைய கடைவாய்ப் பல்லைப்போல் தட்டையாக அரைக்கும் பல் ஒன்றுகூடக் கிடையாது. நம் வாயில் இருப்பது அம்மியென்றால், பூனையின் வாயில் இருப்பது அரிவாள்மணை. அதன் தாடை மேலும் கீழும் அசையுமேயன்றிப் பக்கவாட்டில் அசைந்து அரைக்காது. இரையைத் துண்டு போட்டு விழுங்குவதோடு பல்லின் வேலை தீர்ந்தது.

இந்தப் பற்களின்மேல் கிருமிகளும் உமிழ்நீரும் சேர்ந்து ஒரு வழுவழுப்பான படலம் நாள்தோறும் படிகிறது. துடைக்காமல் விட்டால், சில தினங்களுக்குள் அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிப் பழுப்பு நிறக் காரையாக இறுகிவிடுகிறது. இறுகிய காரையைத் துணியாலோ பிரஷ்ஷாலோ போக்க முடியாது. அதன் மறைவில் கிருமிகள் ஈறுக்கு அடியில் இறங்கிக் குடியேறுகின்றன. அவை வெளிவிடும் கந்தகம் கலந்த வாயுக்களே நாம் முகர்ந்து முகஞ்சுளிக்கும் துர்நாற்றம். ஈறு சிவந்து வீங்கியிருக்கும் மட்டும் நோயைத் திருப்பிவிடலாம். உள்ளேயிருக்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், கரைந்தது கரைந்ததுதான்.

பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வேறொரு வியாதியும் உண்டு. பல்லானது தன்னைத் தானே அரித்துக்கொண்டு கரைந்துபோகும் வியாதி அது. நமக்கு வருகிற சொத்தைப் பல் பூனைக்கு வருவது மிக அபூர்வம், இது சொத்தையன்று. ஈறு பல்லின்மேல் ஏறி வளர்ந்தாற்போல் ஒரு சிவப்புப் புள்ளி மாத்திரம் வெளியே தெரியும். அந்த இடத்தைத் தொட்டால், நல்ல தூக்கத்திலும் பூனையின் தாடை வெடவெடவென்று நடுங்கும். அவ்வளவு வலி.

அவ்வளவு வலியிருந்தும் பூனை கத்தாது என்பதுதான் இவ்விஷயத்தில் பெரிய ஆபத்து. வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். காட்டில் திரிந்த அதன் முன்னோர்கள் நோயுற்றதை வெளிக்காட்டியிருந்தால் வேறொரு மிருகத்துக்கு இரையாகியிருப்பார்கள். ஆகையால், அது சொல்லாமல் சொல்லும் குறிப்புகளை நாம்தான் கவனித்து அறிய வேண்டும். தட்டினருகே ஆவலோடு ஓடிவந்து, ஒரு வாய் கவ்வியதும் சீறிவிட்டு விலகி ஓடுகிறதா? தலையை ஒருபுறம் சாய்த்து ஒரே பக்கத்தால் கடிக்கிறதா? கவ்வியது வாயிலிருந்து நழுவி விழுகிறதா? எச்சில் ஒழுகுகிறதா? உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டதால் ரோமம் சடை பிடித்துப்போயிருக்கிறதா? "வயதாகிவிட்டது, பாவம்" என்று வீட்டார் பரிதாபப்படும் பூனைகள் பலவற்றுக்கு உண்மையில் வந்திருப்பது முதுமையன்று, பல்வலி.

வாயைப் பார்ப்பது நாம் அஞ்சுகிற அளவுக்குக் கஷ்டமன்று. பூனை மடியில் சாவகாசமாகப் படுத்திருக்கும்போது, பின்புறமிருந்து தலையை இதமாகப் பிடித்து, கட்டைவிரலால் கன்னத்தருகே மேலுதட்டைச் சற்றே உயர்த்திப் பார்த்தால் போதும். ஆரோக்கியமான ஈறு வெளிறிய ரோஜா நிறமாயிருக்கும். பல்லைத் தொடும் ஓரத்தில் குங்குமக் கோடு இழுத்தாற்போல் சிவந்திருந்தால், நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். சில பூனைகளுக்கு இந்த ஓரம் பிறவியிலேயே கறுப்பாயிருக்கும்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நேற்றுவரை இல்லாத நாற்றம் திடீரென்று வீசி, பூனை முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டேயிருந்தால் அண்ணத்தில் குறுக்கே மீன்முள் மாட்டியிருக்கக்கூடும். நாவின் அடியில் நூல் சுற்றியிருப்பதைக் கண்டால் மட்டும் பிடித்து இழுக்கவே கூடாது. அதன் மறுமுனை குடலுக்குள் இருக்கலாம். இழுத்தால் குடல் அறுபடும்.

இனி, நமது வீடுகளில் நடக்கும் வைத்தியத்துக்கு வருவோம். பல்வலியென்றால் கிராம்புத் தைலம் என்பது நம் பாட்டிமார்கள் கண்ட கைமருந்து. மனிதருக்கு அது சரி; பூனைக்கு அது விஷம். அந்தத் தைலத்தில் உள்ளது போன்ற சில பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இதைவிடக் கொடியது, ஜுரத்துக்கும் தலைவலிக்கும் நாம் விழுங்குகிற பாராசிட்டமால். குழந்தைக்கே கொடுக்கிறோமே என்று எண்ணி, அரை மாத்திரையைப் பாலில் கரைத்து வைக்கும் நல்லெண்ணம் எத்தனையோ பூனைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. நாலு கிலோ எடையுள்ள பூனையைக் கொல்ல 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும். ரத்தம் பழுப்பாக மாறிப் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு நீலம் பாரிக்கிறது. முகமும் பாதங்களும் வீங்குகின்றன. தவறிக் கொடுத்துவிட்டால், குறிகள் தோன்றட்டும் என்று காத்திராமல் அந்த நிமிஷமே வைத்தியரிடம் ஓட வேண்டும். மனிதர்களின் பற்பசையும் உதவாது. நாம் துப்பிவிடுகிறோம், பூனை துப்பாது, விழுங்கிவிடும்.

அப்படியானால் என்னதான் செய்வது? பூனைக்குப் பல் துலக்குவதுதான். சிரிக்க வேண்டாம். பூனைக்கு மணி கட்டியவர் இல்லாமலிருக்கலாம். பல் துலக்கிவிடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கோழி ருசியும் மீன் ருசியும் கலந்து, விழுங்கினாலும் கெடுதல் செய்யாத பற்பசைகள் பூனைகளுக்கென்றே விற்கின்றன. இனிப்புப் பசையால் அதை ஏமாற்ற முடியாது. பூனையின் நாவுக்கு இனிப்பே தெரியாது. முதல் சில தினங்கள் பசையை விரலில் தடவி நக்கவிட வேண்டும். அடுத்தபடி உதட்டைத் தூக்கி, விரலில் சுற்றிய மெல்லிய துணியால் ஒரே ஒரு பல்லைத் துடைக்க வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் சிறு பிரஷ்ஷுக்கு வரலாம். மேல் வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்தைத் துலக்கினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. உட்புறத்தை அதன் சொரசொரப்பான நாவே ஓரளவு பார்த்துக்கொள்கிறது. தினந்தோறும் செய்ய வேண்டும். வாரத்துக்கொரு நாள் செய்தால் அதற்குள் காரை முந்திக்கொள்ளும். குட்டியிலேயே பழக்கினவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் ஈறு ஏற்கெனவே புண்ணாயிருந்தால் துலக்க ஆரம்பிக்கக் கூடாது. வலியைக் கொடுத்தால் பிரஷ்ஷைக் கண்டாலே பூனை பரணில் ஏறிவிடும். முதலில் வைத்தியம், அப்புறம்தான் துலக்கல்.

வைத்தியர் வாயை மட்டும் பார்க்கமாட்டார். மூத்திரநெடி வீசும் மூச்சு சிறுநீரகக் கோளாறைக் குறிக்கலாம். பழம் அழுகினாற்போன்ற நெடி நீரிழிவைக் குறிக்கலாம். எனவே ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் வீண்செலவு என்று முணுமுணுக்க வேண்டாம். காரையைச் சுரண்டுவதும் ஈறுக்கடியில் சுத்தம் செய்வதும் மயக்க மருந்து கொடுத்தே செய்ய வேண்டிய காரியங்கள். விழித்திருக்கும் பூனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே தெரிகிற பல்லை மட்டும் சுரண்டிவிடுவது, சுவரில் ஓதம் ஏறியிருக்கும்போது மேலே வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். தமிழ்நாட்டில் 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்குப் பெயர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் மாடு குதிரைகளோடு பூனைகளுக்கும் சிகிச்சை நடக்கிறது. மற்ற நகரங்களிலும் பிராணி வைத்தியர்கள் இருக்கிறார்கள். பூனை இரண்டு நாள் அடியோடு தின்னாமலிருந்தால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின், முக்கியமாகக் கொழுத்த பூனையின், ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்து நேரும்.

பல்லைப் பிடுங்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னால் வீட்டார் திகைத்துப்போகிறார்கள். பல்லில்லாத பூனை எப்படிப் பிழைக்கும் என்ற கவலை. வாய் முழுவதும் புண்ணாகிப்போன சில பூனைகளுக்குக் கடைவாய்ப் பற்கள் எல்லாவற்றையுமே எடுத்துவிடுவது உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன. அரைத்துத் தின்னும் வழக்கமே பூனைக்கு இல்லையாகையால், மிருதுவான தீனியை நாவால் வாரி விழுங்கிக்கொள்கிறது. ஈறு ஆறிய சில வாரங்களில் பல பூனைகள் கெட்டியான தீனியையும் அப்படியே விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று காலடியில் வந்து உரசி நிற்கின்றன.